பீச் ரிசார்ட்டில் இரண்டு இரவு: காலடிப்பேட்டை தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வி இதுதான். காலடிப்பேட்டையில் இருக்கிறீர்கள். மே விடுமுறையில் மனைவி, பதினொரு வயது மகன், ஆறு வயது மகள், முழங்கால் வலியோடு நடமாடும் அம்மா எல்லோரையும் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் பக்கம் ஒரு பீச் ரிசார்ட்டில் வெள்ளி, சனி இரண்டு இரவு தங்க நினைக்கிறீர்கள். டிஜே, ரெயின் டான்ஸ், நீச்சல் குளம் என்று எந்நேரமும் களைகட்டும் இடம் என்கிறார்கள். அம்மா தூங்க முடியுமா, பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா, பில் கையைக் கடிக்காமல் இருக்க என்ன வழி?

நான் தண்டையார்பேட்டைக்காரன். ஈசிஆர் என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து ஓட்டல்களில் பதினெட்டு வருஷம் ஃப்ரன்ட் ஆபீஸில் இருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் சிரித்த முகத்தோடு வந்து, சனிக்கிழமை காலை சிவந்த கண்ணோடு ரிசப்ஷனில் நிற்கும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஓட்டல் தப்பாக அமையவில்லை. ரூம் இருந்த பக்கமும் போன தேதியும்தான் தப்பாக அமைந்தன. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தேதியை இன்னும் மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். பள்ளி விடுமுறைதானே, ஞாயிறு மதியம் போய் செவ்வாய் காலை கிளம்புங்கள். வாரக்கடைசிக் கூட்டம் ஞாயிறு பதினொரு மணிக்கு ரூமைக் காலி செய்துவிடும். அன்று மாலையே அந்த இடம் வேறு மாதிரி ஆகிவிடும். வாடகை குறையும், நல்ல ரூம் கேட்டால் கொடுக்க அவர்களிடம் காலியிடம் இருக்கும், குளத்தில் பிள்ளைகள் கையைக் காலை வீசி நீந்தலாம். ஞாயிறு, திங்கள் இரவுகளில் டிஜே இருந்தாலும் அளவோடு இருக்கும்.

அடுத்தது முகூர்த்தம். இதை யாரும் யோசிப்பதில்லை. ஈசிஆர் ரிசார்ட்டுகளுக்குக் கல்யாணம் பெரிய வருமானம். லான் எனப்படும் புல்தரையில் கடலைப் பார்த்து மணமேடை போட்டு, முந்தின நாள் இரவு பாட்டு, ஆட்டம் என்று சங்கீத் வைத்து, விடியற்காலை முகூர்த்தம் என்றால் நாலரை மணிக்கே நாதஸ்வரமும் தவிலும் ஆரம்பித்துவிடும். மே மாதம் பாதியில் வைகாசி பிறக்கிறது, அது கல்யாண மாதம். வீட்டில் தொங்கும் நாள்காட்டியை எடுத்து, நீங்கள் தங்கும் இரண்டு இரவுக்கும் மறுநாள் காலைக்கும் முகூர்த்தம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஓட்டலுக்கே போன் போட்டு, "அந்தத் தேதியில் லானில் ஃபங்ஷன் ஏதாவது இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். ரிசர்வேஷனில் இருப்பவருக்குத் தெரியவில்லை என்றால், விசேஷங்களைக் கவனிக்கும் பாங்க்வெட் ஆபீஸுக்கு இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். எந்த நாள், எந்த லான், எத்தனை பேர் என்று அவர்களிடம் எழுதி வைத்த தாள் இருக்கும். கல்யாணமே இல்லாத வாரம் வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால் ஆடி மாதம் போகச் சொல்வேன். ஆடியில் அந்த லான்கள் வெறிச்சென்று கிடக்கும், வாடகையும் இறங்கும்.

இனி சத்தம். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை என்பது 2000ஆம் ஆண்டில் வந்த ஒலி மாசு விதி. திறந்தவெளி லானில் வைக்கும் டிஜே அதற்குள் வரும். மூடிய அரங்கத்துக்குள் நடப்பதற்கு விலக்கு உண்டு. வருஷத்தில் சில விசேஷ நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை அரசு தளர்வு கொடுக்கலாம். பத்து மணிக்கு மேலும் லானில் அதிர்ந்தால் கூச்சப்படாமல் ரிசப்ஷனுக்குப் போன் செய்யுங்கள். டியூட்டி மேனேஜரைக் கேளுங்கள். "அம்மாவுக்கு வயசாகிவிட்டது, தூங்க முடியவில்லை, மணி பத்தே கால்" என்று சொன்னால் போதும். இரண்டு மூன்று ரூமிலிருந்து அப்படிப் போன் வந்தால்தான் டிஜேயிடம் போய் நிறுத்தச் சொல்ல டியூட்டி மேனேஜருக்கும் ஒரு பிடி கிடைக்கும். நானே அந்த நாற்காலியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

ஆனால் பத்து மணி வரை கேட்கத்தான் செய்யும். அதனால்தான் ரூம் முக்கியம். மாலையில் கடல் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். லானுக்கு மேற்கே, நிலப்பக்கமாக இருக்கும் ரூம்களுக்குப் பாட்டு நேராக வந்து விழும். லானுக்கு வடக்கிலோ தெற்கிலோ தள்ளி இருக்கும் ரூம்களில் பாதிதான் கேட்கும். ஸ்பீக்கரின் கனத்து அதிரும் பேஸ் சத்தம் கண்ணாடிக் கதவைச் சுலபமாகத் தாண்டிவிடும். பஞ்சு அடைத்தாலும் நெஞ்சில் இடிக்கும். எனவே புக் செய்யும்போதே இப்படிக் கேளுங்கள்: லானிலிருந்தும் குளத்திலிருந்தும் தள்ளிய ரூம், தரைத்தளம், ஜெனரேட்டருக்கும் சமையலறைப் புகைபோக்கிக்கும் பக்கத்தில் வேண்டாம். சொன்னதை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வாயால் சொன்னது அடுத்த ஷிஃப்ட்டில் வருபவருக்குத் தெரியாது.

அம்மாவுக்காக இன்னும் மூன்று விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, குளியலறையில் பாத் டப் இருக்கிறதா. டப்பின் விளிம்பைத் தாண்டிக் காலை வைத்துக் குளிப்பது முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆபத்து. தனி ஷவர், வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும் ரூமைக் கேளுங்கள். பெரிய ஓட்டல்களில் அப்படி ஓரிரண்டு ரூமாவது இருக்கும். இரண்டு, ரூமிலிருந்து சாப்பாட்டு அறைக்கு எவ்வளவு தூரம். காட்டேஜ் வகை ரிசார்ட்டுகளில் அது கால் கிலோமீட்டர் நடையாகவும் இருக்கலாம். பேட்டரி வண்டி உண்டா, கூப்பிட்டால் வருமா என்று கேட்டு வையுங்கள். மூன்று, அந்த வழி கல் பாவியதா, மணலா.

செக்-இன் பெரும்பாலும் மதியம் 2 மணிக்குத்தான். பெரியவர்கள் எல்லோரும் ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ எடுத்துப் போங்கள், பான் கார்டை ஏற்க மாட்டார்கள். சாவி வாங்கியதும் எல்லோரும் மூட்டையோடு போகாதீர்கள். நீங்கள் மட்டும் போய் ரூமைப் பாருங்கள். ஏசி போட்டுப் பாருங்கள், ஈர வாடை அடிக்கிறதா பாருங்கள், பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் விழுகிறதா பாருங்கள். உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருவேறும், கடலோர ஓட்டலில் தாழ்ப்பாள்தான் முதலில் கெட்டுப்போகும். ஆறு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை. ரூம் பிடிக்கவில்லை என்றால் அந்த நிமிஷமே சொல்லுங்கள். பெட்டியைப் பிரித்துக் கட்டிலில் படுத்த பிறகு மாற்றிக் கேட்டால், ஹவுஸ்கீப்பிங் மறுபடி முழு ரூமையும் சுத்தம் செய்ய வேண்டும், தயங்குவார்கள்.

சீ வியூ ரூமுக்கு அதிகப் பணம் கேட்பார்கள். நம் கடல் கிழக்கே இருக்கிறது. மே மாதம் ஐந்தே முக்காலுக்கெல்லாம் வெயில் நேராகக் கட்டிலில் விழும். பகலில் பெரும்பாலும் வெளியே இருக்கப் போகிறீர்கள் என்றால் தோட்டத்தைப் பார்த்த ரூம் எடுத்து, அந்தப் பணத்தில் ஒரு வேளை நல்ல சாப்பாடு சாப்பிடலாம். அம்மா அதிகம் நடக்க முடியாமல் பால்கனியிலேயே உட்கார்ந்திருப்பார் என்றால் சீ வியூவுக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. இதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் வடசென்னைக்காரர்கள், கடல் பக்கத்திலேயே வளர்ந்தவர்கள். அந்தத் தைரியம்தான் எனக்குப் பயம். நம் பக்கம் இருப்பது கல் கொட்டிய கரை. துறைமுகம் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து நீரோட்டம் அள்ளி வரும் மணல் துறைமுகச் சுவரிலேயே தடுக்கப்பட்டு மெரினா அகலமானது, ராயபுரத்திலிருந்து வடக்கே கரை அரித்துக்கொண்டே போனது. அதனால் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கல்லின் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துத்தான் நமக்குப் பழக்கம். மணல் கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அலையைப் படிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்குக் கிடையாது.

ஒரு சனிக்கிழமை மாலை, காசிமேடு பையன்கள் ஐந்து பேர் நான் வேலை பார்த்த ஓட்டலில் தங்கியிருந்தார்கள். எல்லோரும் படகிலிருந்து குதித்து நீந்தி வளர்ந்தவர்கள். அவர்களில் ஒருவனை இழுப்பு கொண்டுபோய்விட்டது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர்கள் ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டு போய்த் தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டான். "கரையைப் பார்த்தே நீந்தினேன் அண்ணே, கரை தள்ளித் தள்ளிப் போச்சு" என்று அவன் நடுங்கிக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அவனுக்கு நடந்தது இதுதான். அலை கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவில் பள்ளமான இடம் எங்கே இருக்கிறதோ, அந்த வழியாக வாய்க்கால் மாதிரி கடலுக்குள் ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் ஒரு பட்டை மட்டும் கறுத்து, அமைதியாகத் தெரியும். தெரியாதவர்கள், அலை குறைவாக இருக்கிறதே என்று சரியாக அந்த இடத்தில்தான் பிள்ளைகளை இறக்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. எவ்வளவு பலசாலியானாலும் களைத்துப் போவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை வரும் இடத்துக்குப் போய், அலையோடு திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர்கள் மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். அந்த இழுப்பு ஆளை மேலோட்டமாகத்தான் கொண்டுபோகும், அடியில் அமுக்காது. பதினொரு வயது மகனுக்கு இதை மணலில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

மே மாதத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் தூரத்து இந்தியப் பெருங்கடலில் எழும் பெரிய அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரைக்கு வந்து ஏறும். கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான் இறந்தார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது, செய்தியிலும் வரும். கிளம்பும் அன்று பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் கரையில் வலை பின்னும் யாரிடமாவது, "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு, எந்தப் பக்கம் இழுக்குது?" என்று கேளுங்கள். ஓட்டலில் கொடி நட்டிருந்தாலும் இதைக் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்த இரண்டு நாளும் கால் மட்டும் நனைத்தால் போதும்.

மகளை முழங்கால் தண்ணீருக்கு மேல் விடாதீர்கள், எப்போதும் கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள். இருட்டிய பிறகு யாரும் இறங்க வேண்டாம். குடித்துவிட்டு இறங்குவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, என் காலத்தில் கடற்கரையிலிருந்து தூக்கி வரப்பட்டவர்களில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவர்கள். சொறி மீன் என்னும் ஜெல்லி மீன் பட்டு எரிந்தால் கடல் தண்ணீரால் கழுவுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். மூச்சு வாங்கினால் உடனே 108.

குளத்தில் இவ்வளவு கவலை இல்லை என்று நினைப்போம். ஆனால் குழந்தை தண்ணீரில் மூழ்கும்போது கத்தாது, கையை அடிக்காது, சத்தமில்லாமல் உள்ளே போகும். பக்கத்தில் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம். லைஃப்கார்டு இருந்தாலும் உங்களில் ஒருவர் போனைக் கீழே வைத்துவிட்டு அரை மணி பார்ப்பது, அப்புறம் மற்றவர் பார்ப்பது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். காற்றடைத்த கை வளையங்களை நம்பாதீர்கள். பருத்தி உடையோடு குளத்தில் இறங்க விட மாட்டார்கள். உங்கள் மனைவிக்கு நீச்சல் உடை சங்கடமாக இருந்தால் முழுக்கை நைலான் மேலாடையும் லெகிங்ஸும் போதும், பெரும்பாலான இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். வண்ணாரப்பேட்டை எம்சி ரோட்டில் தேடிப் பாருங்கள். ஓட்டல் கடையில் அதே துணிக்கு இரண்டு மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

பணத்துக்கு வருவோம். ரூம் வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. 2025 செப்டம்பர் 22 முதல் இப்படி. அதனால் 7,400 ரூபாய் ரூம் வரியோடு 7,770, 7,800 ரூபாய் ரூம் வரியோடு 9,204. நானூறு ரூபாய் வித்தியாசம் கையில் வரும்போது ஆயிரத்து நானூற்றுக்கு மேல் ஆகிவிடுகிறது. ரூமை அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் பேசி முடிக்க முடியுமா என்று பாருங்கள். ரூம் புக் செய்யும் ஆப்பில் விலையைப் பார்த்துவிட்டு ஓட்டலுக்கு நேரடியாகப் போன் செய்தால் பல நேரம் காலைச் சாப்பாடு சேர்த்தோ மதியம் வரை தங்க விட்டோ கொடுப்பார்கள். ஆப்புக்குக் கொடுக்கும் கமிஷன் அவர்களுக்கு மிச்சம்.

ரூமோடு சேர்த்துத் தரும் சாப்பாட்டுத் திட்டத்தில் சி.பி. என்றால் காலை உணவு மட்டும், எம்.ஏ.பி. என்றால் காலையும் இன்னொரு வேளையும், ஏ.பி. என்றால் மூன்று வேளையும். உங்கள் குடும்பத்துக்கு சி.பி. போதும். மே வெயிலில் மதியம் பிள்ளைகள் தயிர் சாதமும் பழமும்தான் கேட்பார்கள், அதற்கு பஃபே விலை கொடுக்க வேண்டாம். காலை பஃபேக்கு எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள். ஒன்பதரைக்குப் போனால் தோசைக்கல் முன்னால் வரிசை நிற்கும். பிள்ளைகளுக்கும் எக்ஸ்ட்ரா பெட்டுக்கும் எவ்வளவு என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

மீன் நமக்கு ருசி தெரிந்த பொருள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுத் தடை, காசிமேட்டில் விலை எகிறுவது நீங்களே பார்ப்பதுதான். அந்த நேரத்தில் சின்ன ஃபைபர் படகுகள்தான் கடலுக்குப் போகும். ஓட்டல் மெனுவில் வஞ்சிரம் என்று இருந்தால் ஐஸில் வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். "இன்னைக்கு ஃபைபர் படகில் வந்தது என்ன இருக்கு?" என்று கேட்டு அதை வாங்குங்கள், சங்கராவோ கானாங்கெளுத்தியோ எதுவானாலும் சரி. கரையோரம் தட்டில் அடுக்கிக் காட்டி, சுட்டுத் தருகிறோம் என்பார்கள். எடை போட்டு, விலையைச் சொல்ல வைத்து, வரியோடு எவ்வளவு என்று கேட்ட பிறகே அடுப்பில் வைக்கச் சொல்லுங்கள். இறாலுக்கும் சிங்கி இறாலுக்கும் நூறு கிராம் விலையைப் போட்டு வைத்திருப்பார்கள், கிலோ விலை என்று நினைத்து ஏமாந்து போனவர்கள் உண்டு.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் அது கட்டாயமில்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லலாம். அந்தப் பணத்தை உங்கள் ரூமைக் கூட்டிய பெண்ணிடம் நேராகக் கொடுத்தால் எனக்குச் சந்தோஷம். ரூமில் இருக்கும் குட்டி ஃப்ரிட்ஜில் உள்ள சாக்லேட்டுக்குக் கணக்கு உண்டு என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடைசி நாள் இரவே பில்லை ஒரு முறை வாங்கிப் பாருங்கள், காலையில் கவுண்டரில் கூட்டம்.

விளம்பரத்தில் பிரைவேட் பீச் என்று போட்டிருப்பார்கள். அலை வந்து தொடும் கரை எந்த ஓட்டலுக்கும் சொந்தமில்லை. அது பொது இடம், அதில் முதல் பாத்தியதை பக்கத்துக் குப்பத்துக்கு. விடியற்காலை கரைவலை இழுப்பார்கள். கயிற்றைத் தாண்டாமல் ஒதுங்கி நின்று பாருங்கள், படகின் மேல் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்காதீர்கள், காயும் வலையை மிதிக்காதீர்கள். நம் வீட்டு வாசலில் யாராவது அப்படிச் செய்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கம்பி வேலி கட்டி மேலே பலகை வைத்த இடம் இருந்தால் அது ஆமை முட்டைப் பாதுகாப்பாக இருக்கலாம். பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடும். கடைசியில் இட்டவை மே வரைகூடப் பொரியும். குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத் தப்பான பக்கம் போய்விடும், டார்ச் அடிக்க வேண்டாம்.

பதினொன்றிலிருந்து நாலு மணி வரை கரையில் இருக்க முடியாது, கத்திரி வெயில். அந்த நேரத்தில் ரூமில் தூங்குங்கள், இரவுச் சத்தத்துக்கும் அதுவே ஈடு. கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் ஒரே டிக்கெட், 15 வயதுக்குள் இலவசம். காலை ஏழு மணிக்கு முடித்துவிட்டால் அம்மாவும் வரலாம். நான் சொன்னபடி ஞாயிறு போய்ச் செவ்வாய் திரும்பினால் ஒன்றைக் கவனியுங்கள்: வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. தட்சிணசித்ராவைத் திங்கள் மாலை வைத்துக்கொள்ளுங்கள், முதலையைப் பார்க்க வேண்டும் என்றால் ஞாயிறு போகும் வழியிலேயே இறங்குங்கள்.

வெள்ளி, சனி இரவுகள்தான் என்று உறுதியாகிவிட்டால் திரும்பும் நேரத்தை மட்டும் சரியாக வையுங்கள். ஞாயிறு மாலை நாலு மணிக்கு மேல் ஈசிஆர் முழுக்க ஊருக்குத் திரும்பும் வண்டிகள். உத்தண்டி சுங்கச்சாவடி, திருவான்மியூர் தாண்டி, பிறகு நகரம் முழுவதையும் கடந்து காலடிப்பேட்டை வர வேண்டும். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டு மணிக்குள் கிளம்புங்கள். கார் இல்லை என்றால் திருவான்மியூர் வரை வாடகை வண்டியில் வந்து, பறக்கும் ரயிலில் கடற்கரை நிலையம் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். அம்மாவுக்குப் படி ஏற முடியாது என்றால் வேண்டாம், நேராக வண்டியிலேயே வந்துவிடுங்கள். ரூமைக் காலி செய்த பிறகும் குளத்தைப் பயன்படுத்தவும் குளிக்கவும் பெரும்பாலும் விடுவார்கள், பெட்டிகளை பெல் டெஸ்க்கில் வைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுத் துணி, துண்டு, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை இவற்றைத் தனியாக எடுத்து மேலே வைத்துவிட்டு மற்ற பெட்டிகளைப் பூட்டுங்கள்.